நுரையீரலுக்கு ஒரு கட்-ஆஃப்

பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு ஸ்டாண்டு. அதில் சிலேட்டுப் பலகை போல ஒரு கறுப்புத் தட்டு. எதிரே, கொஞ்சம் பெரிய கேமரா என்று சொல்லத்தக்க ஒரு பெட்டி. எடை மூன்றரை கிலோதான். சட்டைப் பையிலிருந்த சில்லறை, பீடிக்கட்டு, கழுத்துத் தாயத்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவர் தட்டில் நெஞ்சைப் பதித்து நிற்கிறார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார் டெக்னீஷியன். ஒரு 'கிளிக்'. சற்று நேரத்தில் லேப்டாப் திரையில் விலா எலும்புகள் தெரிகின்றன. மேல் மூலையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. ஓரத்தில் ஓர் எண்: 62. ஊர்க்காரர் கையில் சளி எடுத்துத் தர ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுக்கப்படுகிறது. அடுத்து வந்தவருக்கு 41. அவர் வீட்டுக்குப் போகலாம். இருவரின் படத்தையும் எந்த டாக்டரும் பார்க்கவில்லை.

2024 டிசம்பர் 7 அன்று ஹரியானாவின் பஞ்ச்குலாவில் தொடங்கி 347 மாவட்டங்களில் நடந்த 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் இத்தகைய கையடக்க எக்ஸ்ரே பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. படத்தைப் படித்து மார்க் போடுவது செயற்கை நுண்ணறிவு மென்பொருள். இந்தியாவில் இன்று சாதாரண மக்களின் உடம்பைத் தொட்டிருக்கும் செயற்கை நுண்ணறிவு எது என்று கேட்டால், பெருநகர மருத்துவமனைகளின் விளம்பரங்களில் வருவது அல்ல, இதுதான். பீடி சுற்றுபவர், கல் உடைப்பவர், செங்கல் சூளைக்காரர், நெருக்கடியான குடிசைப் பகுதியில் இருப்பவர் ஆகியோரின் நுரையீரலைப் பற்றி அது தினமும் ஒரு தீர்ப்புச் சொல்கிறது. 50 எடுத்தால் டப்பா, 49 எடுத்தால் வீடு. அந்த ஐம்பதை யார் வைத்தார்கள் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதிகம் கேட்கப்படாத கேள்வியும் அதுவே.

இயந்திரம் ஏன் வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வந்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

2019 முதல் 2021 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு தழுவிய காசநோய்க் கணக்கெடுப்பை நடத்தியது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பது கிருமிப் பரிசோதனையில் உறுதியானது. அதிர்ச்சி தந்தது அந்த எண்ணிக்கை மட்டுமல்ல. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தவறவிடப்பட்டிருப்பார்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்ற வழக்கமான கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று சொல்லிவிட்டு நடமாடிக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதம் பேர் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

ஆக, எக்ஸ்ரே வேண்டும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் படத்தை யார் படிப்பது? நாட்டில் இருக்கும் ரேடியாலஜிஸ்டுகளில் பெரும்பாலோர் நகரங்களில். மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே படங்கள் நாள் கணக்கில் உறையில் கிடப்பதுண்டு. அந்தப் படங்கள் பேசுவதற்குள் நோயாளி பஸ் ஏறிப் போயிருப்பார்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1955க்கும் 1958க்கும் இடையில் எக்ஸ்ரே வேன்கள் இந்தியா முழுவதும் சுற்றின. நாட்டின் முதல் தேசிய மாதிரிக் காசநோய்க் கணக்கெடுப்பு அது. காசநோய் நகரத்து வியாதி என்றிருந்த நம்பிக்கையை அது உடைத்தது. கிராமமும் அதே அளவு பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால் 1962ல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது முதல் இடம் எக்ஸ்ரேவுக்கு அல்ல, சளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மலிவான முறைக்குத்தான் தரப்பட்டது. 1997ல் திருத்தப்பட்ட திட்டமும் அதே பாதையில் போயிற்று. காரணம் செலவு மட்டுமல்ல. ஒரே படத்தை இரண்டு டாக்டர்களிடம் கொடுத்தால் இரண்டு பதில் வரும் என்பதும், அதே டாக்டரிடம் சில மாதம் கழித்துக் கொடுத்தால் மூன்றாவது பதில் வரும் என்பதும் 1940களிலேயே அமெரிக்க ஆராய்ச்சிகளில் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிவது கிருமி அல்ல. கிருமி விட்டுச்சென்ற நிழல். நிழலுக்கு ஆளுக்கொரு அர்த்தம்.

இந்த இடத்தில்தான் இயந்திரம் நுழைகிறது. லட்சக்கணக்கான படங்களையும், அவற்றில் எது நோய், எது இல்லை என்ற விடைகளையும் கொடுத்துப் பழக்கினால், கம்ப்யூட்டர் தானாகவே நிழல்களுக்குள் ஒற்றுமை தேடிக் கற்றுக் கொள்கிறது. அதற்குத் தூக்கம் வராது. ஆயிரமாவது படத்தையும் முதல் படத்தைப் போலவே பார்க்கும். ஒரே படத்துக்கு இன்று ஒன்று, நாளை ஒன்று என்று சொல்லாது. 2016ல் மும்பையில் தொடங்கப்பட்ட க்யூர்.ஏஐ, நெதர்லாந்தின் டெல்ஃப்ட், கொரியாவின் லூனிட் ஆகிய நிறுவனங்களின் மென்பொருள்கள் இதில் முன்னணியில் இருக்கின்றன. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காசநோயைத் தேடும்போது மனிதக் கண்ணுக்குப் பதிலாக இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பச்சைக்கொடி காட்டியது. அந்த நிறுவனம் சாதாரணமாக இவ்வளவு சீக்கிரம் தலையாட்டுவதில்லை.

அதற்குத் தக்க சான்று அண்டை நாட்டிலிருந்தே வந்தது. டாக்கா நகரில் மூன்று பரிசோதனை மையங்களுக்கு 2014 முதல் 2016 வரை வந்த 23,954 பேரின் எக்ஸ்ரேக்கள் ஐந்து மென்பொருள்களிடம் கொடுக்கப்பட்டன. ஒவ்வொருவரின் சளியும் மரபணுப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டிருந்ததால் உண்மை விடை கையில் இருந்தது. 2021ல் வெளியான முடிவு: ஐந்து மென்பொருள்களும் பங்களாதேஷின் ரேடியாலஜிஸ்டுகளை விட நன்றாகவே செய்தன. இயந்திரம் முதலில் வடிகட்டிக் கொடுத்தால், பத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு மேல் பிடித்துக் கொண்டே, விலையுயர்ந்த சளிப் பரிசோதனைகளில் பாதியை மிச்சப்படுத்தலாம் என்றும் தெரிந்தது.

உற்சாகப்படும் முன் இதே துறையின் வேறு மூன்று சம்பவங்களையும் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

2017ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நிமோனியாவை ரேடியாலஜிஸ்டுகளை விட நன்றாகக் கண்டுபிடிக்கும் மென்பொருளை உருவாக்கிவிட்டதாக அறிவித்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்களில் பயின்ற மென்பொருள். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்தப் படங்களுக்கான விடைகளை எந்த டாக்டரும் படத்தைப் பார்த்து எழுதவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளில் இருந்த வார்த்தைகளைக் கம்ப்யூட்டரே துழாவி எடுத்த விடைகள் அவை. வாத்தியாரே தப்பும் தவறுமாகச் சொல்லிக் கொடுத்த பாடம் என்று விமர்சகர்கள் பிடித்துக் கொண்டார்கள்.

அடுத்தது 2018ல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் சொன்னது. இது இன்னும் சுவாரசியம். நிமோனியாவைப் படிக்கப் பழகிய மென்பொருள், படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட்டது என்பதையும் கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் கண்டுபிடித்தது. படத்தின் மூலையில் டெக்னீஷியன் வைக்கும் உலோகக் குறி கூட அதற்கு ஒரு தடயம். ஓர் ஆஸ்பத்திரியில் நிமோனியா அதிகம், இன்னொன்றில் குறைவு என்று தெரிந்துவிட்டால், நுரையீரலைப் பார்க்காமலே பாதி விடை எழுதிவிடலாம் அல்லவா? பரீட்சையில் பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்த்து எழுதும் மாணவனின் புத்திசாலித்தனம் அது. வேறு ஆஸ்பத்திரிப் படங்களைக் கொடுத்தபோது பெரும்பாலும் மார்க் இறங்கியது.

மூன்றாவது, கொரோனா. எக்ஸ்ரேயிலிருந்தும் ஸ்கேனிலிருந்தும் கோவிடைக் கண்டுபிடிப்பதாக 2020ல் ஆய்வுக் கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையிலான குழு 2,212 கட்டுரைகளைச் சலித்து, தேறிய 62ஐக் கூர்ந்து படித்தது. நோயாளிக்கு உதவக்கூடியது ஒன்று கூட இல்லை என்பது 2021ல் வந்த அவர்கள் முடிவு. சிலவற்றில் கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை. ஒப்பிட எடுத்துக் கொண்ட படங்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை. கம்ப்யூட்டர் கோவிடைக் கற்கவில்லை. பெரியவருக்கும் குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றது.

காசநோய் மென்பொருள்கள் இந்தக் கும்பலில் சேர்ந்தவை அல்ல. டாக்காவில் நடந்தது போல, தயாரித்தவர்கள் அல்லாத வெளியார் நடத்திய பரீட்சையில் தேறியவை. என்றாலும் ஒன்று மறக்கக்கூடாதது: டாக்காவில் எழுதிய பரீட்சை வேறு, கிராமத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் எழுதும் பரீட்சை வேறு.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. டாக்கா மையங்களுக்கு வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் காசநோய் இருந்தது. பெரும்பாலோர் இருமலுடன், டாக்டர் அனுப்பி வந்தவர்கள். முதல்கட்ட வடிகட்டலுக்கான கருவி, நோயாளிகளில் 90 சதவீதத்தையாவது பிடிக்க வேண்டும், நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தையாவது சரியாக விட்டுவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல். அந்த அளவுகோலில் தேறிய ஒரு மென்பொருள், டாக்கா மாதிரியான இடத்தில் 1,000 பேரைப் பார்த்தால் 150 நோயாளிகளில் 135 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 255 பேரையும் சேர்த்து நிறுத்தும். நிறுத்தப்பட்ட மூவரில் ஒருவர் நிஜ நோயாளி. நல்ல பேரம்தான்.

அதே மென்பொருளை வீடு வீடாக அழைத்து வந்த 1,000 பேரிடம் கொண்டு போங்கள். தேசியக் கணக்கெடுப்பின்படி அவர்களில் நோயாளிகள் சுமார் மூன்று பேர். மூவரும் பிடிபடுவார்கள் என்றே வைத்துக் கொள்வோம். கூடவே நோயில்லாத சுமார் 300 பேரும் நிறுத்தப்படுவார்கள். நூற்றுக்கு ஒருவர்தான் நிஜம். இயந்திரம் மாறவில்லை, ஊர் மாறியிருக்கிறது.

அந்த 300 பேருக்கும் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். நான்கு அறைகள் கொண்ட ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரம் ஒரு பரிசோதனைக்குச் சுமார் இரண்டு மணி நேரம் எடுக்கும். எட்டு மணி நேர வேலை நாளில் 16 மாதிரிகள். ஒரே முகாமின் சளி டப்பாக்கள் தீர கிட்டத்தட்ட 19 வேலை நாட்கள். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி சிறிய ஆரம்ப சுகாதார நிலையம் வரை போயிருப்பது பெரிய உபகாரம். ஆனால் அதற்கும் சில்லு வேண்டும், ஆள் வேண்டும். இதெல்லாம் இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள்? கட்-ஆஃபை ஏற்றிவிடலாம். ஐம்பதை எழுபது ஆக்கினால் டப்பாக்கள் குறையும், வேலை முடியும். மூன்று நோயாளிகளில் ஒருவரோ இருவரோ 58 வாங்கி வீட்டுக்குப் போயிருப்பார். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இஞ்சினியரிங் சேர்க்கையில் கட்-ஆஃப் ஏன் ஏறுகிறது, இறங்குகிறது என்பது பிள்ளை பெற்ற ஒவ்வொரு இந்தியருக்கும் தெரியும்: மாணவரின் அறிவை வைத்து அல்ல, இருக்கும் இடங்களை வைத்து. நுரையீரல் கட்-ஆஃபும் அப்படித்தான். 62 என்றால் காசநோய்க்கு 62 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. அது அந்த மென்பொருளின் சொந்த அளவுகோல். இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் அதே படத்துக்கு வேறு மார்க் போடும். அதே நிறுவனத்தின் புதிய பதிப்பு வந்தால் பழைய கட்-ஆஃப் செல்லாமல் போகலாம். அதனால்தான் அந்தந்த இடத்தில் சோதித்துப் பார்த்து எல்லையை நிர்ணயிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டாக்டரின் கண் செய்த வேலை இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. நிழலைப் பார்ப்பது இயந்திரம். எத்தனை நிழல் போதும் என்று முடிவு செய்வது, பட்ஜெட்டைக் கையில் வைத்திருக்கும் யாரோ ஓர் அதிகாரி. இரண்டாவது வேலைதான் உயிர் சம்பந்தப்பட்டது. அது ஆபீஸ் கோப்பிலோ, சாஃப்ட்வேரின் செட்டிங்ஸ் பக்கத்திலோ நடந்து முடிந்துவிடுகிறது. எந்த மாவட்டத்தில் எத்தனை என்று முகாம் வாசலில் ஒரு போர்டில் எழுதி வைத்தால் என்ன? எழுதி வைத்தால் கேள்வி வரும் என்பதைத் தவிர வேறு தடை இருப்பதாகத் தெரியவில்லை.

மார்க் யாருக்கு அநியாயம் செய்யும் என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம். டாக்கா ஆய்விலேயே வயதானவர்களிடமும், முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடமும் ஐந்து மென்பொருள்களின் திறனும் குறைந்தது. ஆறிய புண்ணின் தழும்பும் நிழல்தானே. இந்தியாவில் அப்படித் தழும்பு சுமப்பவர்கள் ஏராளம்.

ராஜஸ்தானின் கரௌலி, தோல்பூர் பகுதிகளில் செம்மணற்கல் குவாரிகளில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. கல்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ், எக்ஸ்ரேயில் காசநோயைப் போலவே மேல் பகுதியில் நிழல் காட்டும். இயந்திரம் வருவதற்கு வெகு காலம் முன்பே, டாக்டர்கள் அதைக் காசநோய் என்று எழுதி, கல் உடைப்பவர்களுக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்த வரலாறு அங்கே உண்டு. சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது. ஆனால் ராஜஸ்தானில் அரசு நிவாரணம் உண்டு. அதைப் பெற வியாதியின் சரியான பெயர் வேண்டும். தப்பான பெயர் எழுதினால் பணமும் போயிற்று, குவாரி முதலாளியின் பொறுப்பும் போயிற்று. போதாக்குறைக்கு சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோய் வரும் அபாயமும் அதிகம் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். 'உங்கள் வேலை என்ன?' என்று கேட்கும் ஒரு டாக்டர் இந்த முடிச்சை அவிழ்க்கலாம். படம் மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு அந்தக் கேள்வி தெரியாது.

படத்தை நன்றாகப் படிப்பது ஒன்று, அதனால் நோயாளிக்கு நன்மை கிடைப்பது இன்னொன்று. இதை நிரூபித்துக் காட்டிய பெருமை சென்னைக்கும் உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் மீதிப் பேரை ஓட்டு வீடும் குடிசையுமான அவரவர் வீட்டிலும் வைத்து, அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தது. இருவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கும் அதே மாதிரியான சோதனை தேவை. அப்படி நடந்தவை மிகச் சில. அவற்றில் ஒன்று ஆப்பிரிக்காவின் மலாவியில், பிளான்டயர் நகரில் 1,462 பேரிடம் நடந்தது. வழக்கமான முறையில் நோயாளிக்குக் காசநோய் சிகிச்சை தொடங்கச் சராசரியாக 11 நாட்கள் ஆயின. எச்.ஐ.வி. சோதனையுடன் கம்ப்யூட்டர் படித்த எக்ஸ்ரேயும் சேர்ந்தபோது ஒரே நாள். நுரையீரலை அழித்துக் கொண்டிருக்கும் கிருமிக்கும், அதே வீட்டில் தூங்கும் குழந்தைக்கும் அந்தப் பத்து நாள் சாதாரண விஷயமல்ல.

ஆனால் பிளான்டயரில் மறுநாள் மாத்திரை கையில் இருந்தது. இந்தியாவில் 2024 மார்ச்சில் காசநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, உள்ளூரிலேயே வாங்கிக் கொள்ளும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. எவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்தாலும் மாத்திரை இல்லாத கவுன்டர் முன் அந்த வேகம் நின்றுவிடும். நோயாளியின் சாப்பாட்டுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது உண்மையிலேயே நல்ல செய்தி. 2025க்குள் காசநோயை ஒழிப்பதாக 2018ல் செய்த அறிவிப்பு நிறைவேறவில்லை. என்றாலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, லட்சத்துக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் பத்தாண்டில் 187 ஆகக் குறைந்திருக்கிறார்கள். இன்றும் உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர்.

வராந்தாவில் 41 வாங்கி வீட்டுக்குப் போனவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்திருந்தால்? அரசின் விதிமுறை இதில் தெளிவாகவே இருக்கிறது. அறிகுறி இருந்தாலும் சரி, எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தாலும் சரி, இரண்டில் ஒன்று போதும். சளியைப் பரிசோதிக்க வேண்டும். மார்க் குறைவு என்பதற்காக இருமுகிறவரைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை. ஆனால் திரையில் எண் வந்துவிட்ட பிறகு, வரிசையில் இன்னும் எண்பது பேர் நிற்கும்போது, இருமலைப் பற்றிக் கேட்கும் பொறுமை எத்தனை முகாம்களில் மிச்சமிருக்கிறது? அவரும் கேட்க மாட்டார். கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிவிடுவார்.